பத்தரை மாற்றும் பட்டக் கணக்கும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. வந்தவாசி, பொன்னூர் வட்டாரத்துச் சமண ஊர்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "அது அடுத்த மலருக்கு இருக்கட்டும். இந்தத் தடவை பட்டப்படிப்புக்குக் கிரேடு போடுகிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதித் தருகிறேன்" என்றேன். "அரிசிக்காரருக்கு எதுக்குங்க யுனிவர்சிட்டி கணக்கு?" என்று ஒரு நண்பர் சிரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். நான் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் படித்தவன். மற்றதெல்லாம் மண்டியில் உட்கார்ந்துகொண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டும் படித்தது. ஆனாலும் இதை எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அது யாருக்குப் பட்ட கடன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

என் மகள் வயிற்றுப் பேத்தி வேதியியலில் பி.எஸ்ஸி. படித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படிப்பு முடிந்து, எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட வேண்டிய நேரம். அவள் ஆசைப்பட்ட இடத்தில் சி.ஜி.பி.ஏ. 7.00க்குக் குறையாமல் இருந்தால் நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் உண்டு. ஆறு செமஸ்டரின் மதிப்பெண் அட்டைகளும் கையில் இருந்தன. எல்லாம் சேர்த்துப் போட்ட மொத்த அட்டை மட்டும் இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டில் கணக்கு என்றால் தாத்தாதான். அட்டைகளை மேஜைமேல் பரப்பி வைத்தேன். 6.22, 6.39, 6.90, 7.20, 7.59, 7.64. கூட்டினால் 41.94. ஆறால் வகுத்தால் 6.99.

"ஒரு நூல் குறையுதேம்மா" என்றேன்.

அவள் தயங்கினாள். "ரெகுலேஷன் புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கு தாத்தா. கிரெடிட்டால பெருக்கணுமாம்."

"சராசரின்னா சராசரிதாம்மா. எப்படிச் சுத்தினாலும் அங்கேதான் வந்து நிக்கும்" என்றேன்.

நாற்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதின கிழவன் சொன்னதை இருபது வயசுப் பெண் எப்படி மறுப்பாள்? விண்ணப்பம் போடவில்லை. கடைசித் தேதியும் போயிற்று. மூன்று வாரம் கழித்து மொத்த அட்டை வந்தது. அதில் அச்சாகியிருந்த எண் 7.03.

பேத்தி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்து அதே இடத்தில் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் போன வருஷம் போனதுதான். நான் கணக்குத் தெரியாதவனாக இருந்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது; அவளே புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருப்பாள். தெரியும் என்று நினைத்ததுதான் கேடாக முடிந்தது.

இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. கடையில் இந்தத் தவறை நான் ஒருநாளும் செய்ததில்லை. 1,200 ரூபாய் விலையில் 10 மூட்டையும் 1,600 ரூபாய் விலையில் 30 மூட்டையும் வாங்கிக் கலந்தால் மூட்டைக்கு அடக்க விலை என்ன? இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்கி 1,400 என்று சொல்கிற பையனை மண்டியில் ஒருநாள்கூட வைத்துக்கொள்ள மாட்டோம். பத்து மூட்டைக்கு 12,000, முப்பது மூட்டைக்கு 48,000, ஆக 60,000. நாற்பதால் வகுத்தால் 1,500. 1,400க்கு விற்றவன் மூட்டைக்கு 100 ரூபாய் கைநஷ்டப்பட்டு வீட்டுக்குப் போவான். விலையோடு எடையையும் பார்க்க வேண்டும் என்பது மண்டிக்கு வந்த முதல் வாரமே கற்ற பாடம். அந்தப் பாடத்தைப் பேத்தியின் படிப்பில் மறந்துவிட்டேன்.

மகாவீரர் சொன்ன பொன் கணக்கு

இந்தக் கணக்கு நம் நாட்டில் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீராசாரியர் என்ற சமணக் கணித அறிஞர் வாழ்ந்தார். தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு, இவர் வேறு. இவர் வடமொழியில் செய்த கணிதசாரசங்கிரகம் ஒன்பது பகுதிகள் கொண்டது. கலப்புக் கணக்குகளைச் சொல்லும் ஆறாம் பகுதியில், வெவ்வேறு தரமுள்ள பொன்னை ஒன்றாக உருக்கினால் கிடைக்கும் பொன்னின் தரம் என்ன என்பதற்கு வழி சொல்கிறார். ஒவ்வொரு துண்டின் எடையையும் அதன் தரத்தால் பெருக்கு. பெருக்கி வந்தவற்றைக் கூட்டு. மொத்த எடையால் வகு. அவ்வளவுதான்.

நம் வழக்கில் பொன்னின் தரத்தை மாற்று என்போம். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் ஒருவரைப் புகழ்கிறோம் அல்லவா? 10 மாற்றுப் பொன் 4 கழஞ்சும், 8 மாற்றுப் பொன் 6 கழஞ்சும் ஒன்றாக உருகினால் என்ன தரம்? பத்தையும் எட்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9. பொற்கொல்லர் அப்படிச் சொல்ல மாட்டார். 4 × 10 = 40, 6 × 8 = 48, ஆக 88. மொத்தம் 10 கழஞ்சு. ஆகவே 8.8 மாற்று. தரம் குறைந்த பொன் எடை கூடுதலாக இருப்பதால் அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரத்திலும் பொன்னுக்கென்று தனி வழி உண்டு என்பதைத் தமிழன்பர்கள் அறிவார்கள்.

மகாவீரரின் நூலை ஓலைச் சுவடிகளிலிருந்து எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர். 1912இல் சென்னை அரசாங்கம் அதை வெளியிட்டது. மாற்று என்ற இடத்தில் கிரேடு என்றும், கழஞ்சு என்ற இடத்தில் கிரெடிட் என்றும் எழுதிவிட்டால் இன்றைய சி.ஜி.பி.ஏ. கணக்கு அப்படியே அந்தச் சூத்திரத்தில் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகங்கள் அதை மகாவீரரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அது வந்த வழி வேறு, சுற்று வழி. அதைக் காண்போம்.

1857: மூன்று பல்கலைக்கழகங்கள்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் பிறந்தன. கல்கத்தா ஜனவரியில், பம்பாய் ஜூலையில், சென்னை செப்டம்பரில். 1854இல் வந்த உட் அறிக்கையின் பயனாக இவை தோன்றின. இவற்றுக்கு மாதிரி 1836இல் அமைந்த லண்டன் பல்கலைக்கழகம். தொடக்கத்தில் இவை பாடம் சொல்லித் தரவில்லை. பாடம் சொல்வது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. நெல்லை விளைவிப்பவன் ஒருவன், தரம் பார்ப்பவன் இன்னொருவன் என்பது போல.

நம் மும்பைக் கோட்டைப் பகுதிப் பல்கலைக்கழக வளாகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டு 1878இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற சமண வணிகர். தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைத்தார். இருட்டுமுன் உண்டு முடிக்கும் நோன்புடைய அந்த அம்மையாருக்கு மணியோசை நேரம் சொல்லட்டும் என்றுதான் கட்டினார் என்பது மும்பையில் வழங்கும் கதை. 1978இல் நான் மஸ்ஜித் பந்தர் தானியச் சந்தைக்கு வேலைக்கு வந்த புதிதில், அந்த வளாகத்தின் வெளிச்சுவர் ஓரமாக நடந்துபோவேன். உள்ளே போகத் தைரியம் வந்ததில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

அந்தக் காலத்துத் தேர்வில் கிரெடிட் என்ற பேச்சே இல்லை. தாள்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகையைப் பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று நாம் கேட்டு வளர்ந்தது இதுதான். இதில் எடை இல்லை என்று நினைக்கக் கூடாது. எடை மறைந்து இருந்தது. ஒரு தாள் 100க்கும் இன்னொரு தாள் 50க்கும் என்று வைத்தாலே முன்னதற்கு இரட்டை எடை. எல்லாரும் ஒரே பாடங்களைப் படித்ததால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏழு மதிப்பெண்

கூட்டுத்தொகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பது அது. சராசரி என்பது ஒரு பாடத்தின் மிகுதியை இன்னொன்றின் குறைவுக்கு ஈடு கட்டும். தனித் தேர்ச்சி விதி ஈடு கட்ட விடாது. பட்டக் கணக்கின் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வருகின்றன.

கல்கத்தாவில் 1858இல் நடந்த முதல் பி.ஏ. தேர்விலேயே இது தெரிந்துவிட்டது. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரும் ஜதுநாத் போஸும் ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறி, ஒன்றில் மட்டும் குறைந்துவிட்டார்கள். குறைவு ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் இல்லை. பல்கலைக்கழகத்தார் கூடி யோசித்து, அந்தக் குறையைக் கருணை மதிப்பெண்ணால் நிரப்பி, இருவரையும் இரண்டாம் வகுப்பில் தேறியவர்களாக அறிவித்தார்கள். பின்னாளில் வந்தே மாதரம் எழுதிய கை, அந்த ஏழு மதிப்பெண்ணால்தான் பட்டத்தாள் வாங்கியது.

நம் பக்கத்தில் இப்படிக் கருணை கிடைக்காத கதையை எல்லாரும் அறிவோம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். எஃப்.ஏ. தேர்வை 1906இல் ஒருமுறை, 1907இல் ஒருமுறை எழுதினார். இரண்டு முறையும் தேறவில்லை. கணக்கில் அவர் வாங்கியது மற்ற பாடங்களுக்கு ஈடாகவில்லை. அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1918இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். எஃப்.ஏ. தேறாதவர் தேறாதவராகவே இருந்தார். விதியைப் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று இதற்காகச் சொல்ல முடியாது. ஒரு டாக்டர் உடற்கூறில் 90 வாங்கி, மருந்துப் பாடத்தில் 10 வாங்கினால் சராசரி 50 என்று அவரிடம் ஊசி போட்டுக்கொள்வோமா? தனித் தேர்ச்சி விதிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்த இடத்தில் எந்த விதி என்பதில்தான் வழக்கு.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976இல் பி.யூ.சி. எழுதினேன். கூட்டுத்தொகை அறுபது சதவீதத்தைத் தாண்டியது. ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் குறைவு. "செப்டம்பர்ல எழுதிடலாம்டா" என்றார் அப்பா. எழுதவில்லை. கூச்சம். இரண்டு வருஷம் ஊரில் திரிந்துவிட்டு மாமாவோடு பம்பாய்க்கு ரயில் ஏறினேன். பங்கிமுக்கு ஏழு கொடுத்தார்கள், எனக்கு நான்கு கொடுக்கவில்லையே என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. மணிக்கூண்டுச் சுவருக்கு வெளியே நான் நின்றது இதனால்தான்.

ஆனாலும் அந்தப் பழைய முறையில் தேறியவர்கள் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை 1889இல் சூளாமணியைப் பதிப்பித்தார். எங்கள் தோலாமொழித்தேவரின் காப்பியம் அச்சேறியது ஒரு பட்டதாரியின் உழைப்பால்.

கிரெடிட் பிறந்த கதை

இனி அமெரிக்காவுக்குப் போவோம். கிரெடிட் பிறந்த இடம் அது. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் முறையை வளர்த்தார். அதோடு பழைய கூட்டுத்தொகை முறை சிக்கலாயிற்று. ஒருவன் கிரேக்கம் படிக்கிறான், ஒருவன் தாவரவியல் படிக்கிறான். இருவர் படிப்பையும் எதை வைத்து அளப்பது? எல்லாருக்கும் பொதுவாக இருந்தது நேரம் ஒன்றுதான். வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதே அளவாயிற்று.

அந்த அளவு நாடெங்கும் பரவியதற்குக் காரணம் ஓய்வூதியம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். 1905இல் எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். பணம் வேண்டுமானால் கல்லூரி என்பது என்ன என்று வரையறுக்க வேண்டும் அல்லவா? மாணவரைச் சேர்க்கும்போது உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இத்தனை அலகு என்று கேட்கும் கல்லூரியே கல்லூரி என்றார்கள். ஒரு பாடம், ஓராண்டு, 120 மணி நேரம் என்பது ஓர் அலகு. கார்னெகி அலகு என்று அதற்குப் பெயர். ஆசிரியரின் முதுமைக்காக வைத்த பணம் மாணவனின் படிப்புக்குத் தராசு செய்து கொடுத்தது.

நம் நாட்டுக்கு இது வந்த வழியும் அமெரிக்கத் தொடர்புதான். 1960இல் பந்த்நகரில் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகம் அமெரிக்க நில மானியப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து அமைந்தது. 1959இல் தொடங்கிய கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் துணை நின்றன. செமஸ்டர், எழுத்துக் கிரேடு ஆகியவை இப்படிப்பட்ட இடங்களில் முதலில் வேரூன்றின. மற்றப் பல்கலைக்கழகங்களில் பல, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றே நெடுங்காலம் நடந்தன. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விருப்பப்பாட முறைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2015-16 முதல் அம்முறை நாடெங்கும் பரவியது.

இன்றைய கணக்கு

யு.ஜி.சி. சொன்ன அளவு இது. வாரம் ஒரு மணி வகுப்பு அல்லது இரண்டு மணி செய்முறை ஒரு செமஸ்டர் முழுதும் நடந்தால் ஒரு கிரெடிட். கிரேடுகள் பத்துப் புள்ளி அளவில்: ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி என்ற தேர்ச்சிக் கிரேடு 4, எஃப் என்றால் 0. தமிழில் எழுதினால் இரண்டு கிரேடும் பி என்றே வருகிறது. ஒன்று ஆறு புள்ளி, மற்றது நான்கு. அட்டையில் ஆங்கில எழுத்தைக் கவனித்துப் பாருங்கள்.

பேத்தியின் நான்காம் செமஸ்டர் அட்டையையே உதாரணமாகக் காட்டுகிறேன். அவள் சம்மதத்தோடுதான்.

வேதியியல் முதன்மைத் தாள்: 6 கிரெடிட், 8 புள்ளி. 6 × 8 = 48.
இன்னொரு முதன்மைத் தாள்: 6 கிரெடிட், 7 புள்ளி. 6 × 7 = 42.
துணைப்பாடம்: 4 கிரெடிட், 7 புள்ளி. 4 × 7 = 28.
சுற்றுச்சூழல்: 2 கிரெடிட், 9 புள்ளி. 2 × 9 = 18.
கணினிப் பயிற்சி: 2 கிரெடிட், 4 புள்ளி. 2 × 4 = 8.

மொத்தம் 144. கிரெடிட் 20. வகுத்தால் 7.20. இதுதான் அந்தச் செமஸ்டரின் எஸ்.ஜி.பி.ஏ. வெறுமனே ஐந்து புள்ளிகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 7.00தான் வரும். கணினிப் பயிற்சியில் விழுந்த அடி 2 கிரெடிட் அடிதான் என்பதால் அவள் தப்பினாள். ஆனால் அதே தாளில் 4 வராமல் 0 வந்திருந்தால் அந்தக் கிரெடிட் கிடைத்திருக்காது. மறுபடி எழுதித் தேறாமல் பட்டம் இல்லை. ராமானுஜன் காலத்து விதி இன்றும் போகவில்லை. சராசரிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி மூன்று ஆண்டுக் கணக்கு. அவளுடைய ஆறு செமஸ்டரின் கிரெடிட் 18, 18, 20, 20, 22, 22, ஆக 120. பெருக்கி வந்த புள்ளிகள் 112, 115, 138, 144, 167, 168, ஆக 844. 844ஐ 120ஆல் வகுத்தால் 7.03. நன்றாகப் படித்த கடைசி இரண்டு செமஸ்டருக்குக் கிரெடிட் கூடுதல். சறுக்கிய முதல் இரண்டு செமஸ்டருக்குக் குறைவு. நான் ஆறையும் சமமாக்கி, அவள் உழைத்த காலத்தின் எடையைக் குறைத்துவிட்டேன். எல்லாச் செமஸ்டருக்கும் கிரெடிட் ஒன்றாக இருந்தால் மட்டுமே என் கணக்குச் சரி.

இந்த எடையை வைப்பவர் யார் என்ற கேள்வியும் வரும். பாடத்திட்டக் குழுவினர். ஒரு மொழிப் பாடத்துக்கு 2, ஒரு முதன்மைப் பாடத்துக்கு 6 என்று அவர்கள் எழுதும்போதே, பிள்ளைகள் எதற்கு எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகள் புத்திசாலிகள். எடை குறைந்த பாடத்துக்கு உழைப்பையும் குறைத்துக்கொள்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

சதவீதம் என்னும் சங்கடம்

நம் தலைமுறைப் பெற்றோர்களுக்கு 7.03 என்றால் திருப்தி வராது. "பர்சென்டேஜ் எவ்வளவு, அதைச் சொல்லு" என்போம். இங்கேதான் இன்னொரு குழி. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கிரேடு முறை நடந்த காலத்தில், சராசரிப் புள்ளியை 9.5ஆல் பெருக்கச் சொன்னார்கள். அந்த முறை 2017இல் முடிந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. ஒரு காலத்தில் வெளியிட்ட அட்டவணையில் 6.25க்கு 55 சதவீதம், 6.75க்கு 60, 7.25க்கு 65 என்று இருந்தது. வேறு சில இடங்களில் பத்தால் பெருக்கிவிடுகிறார்கள்.

பேத்தியின் 7.03ஐ 9.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 66.8. அந்த அட்டவணை வழியே போனால் 62.8. பத்தால் பெருக்கினால் 70.3. ஒரே பெண், ஒரே படிப்பு, மூன்று சதவீதம். 65 சதவீதம் கேட்கிற இடத்தில் ஒன்று உள்ளே விடும், ஒன்று வெளியே தள்ளும். எனவே எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்ததோ அதன் விதிப் புத்தகத்தில் உள்ள மாற்று முறையையே எழுத வேண்டும். விண்ணப்பம் வாங்குகிறவர்கள் தங்கள் முறையைச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பெருக்கிய எண்ணால் பெருக்கக் கூடாது.

நம்மைப் போல் ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2021இல் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாடு வந்தது. ஓரிடத்தில் பெற்ற கிரெடிட்டைச் சேர்த்து வைத்து, விதிகளுக்கு உட்பட்டு இன்னோரிடத்தில் பயன்படுத்தலாம். 2022 டிசம்பரில் வந்த யு.ஜி.சி. கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 என்றது. அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பமே சென்னைக்கோ டில்லிக்கோ போனால், பிள்ளையின் மூட்டையில் எத்தனை கிரெடிட் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டிய காலம் இது.

முடிக்குமுன்

வீட்டுப் பெரியவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொள்கிறேன். முதல் செமஸ்டர் தொடங்கும்போதே விதிப் புத்தகத்தை வாங்கி, எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு அட்டை வந்ததும் கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைசியில் தேட வேண்டாம். எண் ஒரு நூல் குறைவதுபோல் தெரிந்தால், விண்ணப்பத்தைக் கைவிடுமுன் இன்னொருவரைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் அலுவலகத்தில் இதற்காக ஒதுக்கலாம். யாராவது இருவர் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் அட்டைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். இரண்டில் ஓர் ஆளாக நான் வருகிறேன். இன்னோர் ஆளைப் பற்றிப் பேத்தியிடம் கேட்டேன். "நான் வரேன் தாத்தா. ஆனா நீங்க போடுற கணக்கை நான் ஒருதடவை சரிபார்ப்பேன்" என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.